துடைத்து வந்த உறைகள்

கமலக்கண்ணி அம்மன் துணை

செஞ்சி
4.6.2023

அன்பான பாப்பா கலைமதிக்கு,

அக்கா மீனம்பாள் எழுதுவது. நானும் உன் மாமாவும் மஞ்சுவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீ அந்தப் புனே ஊரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் பதில் எழுத மாட்டாய், தெரிந்தேதான் கேட்கிறேன்.

நீ அனுப்பிய பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பத்திரிகை அதுக்குள்ள அடிச்சிட்டியா?" என்று கேட்டார். மஞ்சுவுக்குக் கல்யாணத் தேதி வைத்தது அவர் வரைக்கும் போய்விட்டது. பிரித்தால் நூறு உறை. எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஐம்பதில் "பஜார் மாணவர் படிப்பகம்" என்றும் ஐம்பதில் "காலனி மாணவர் படிப்பகம்" என்றும் அச்சடித்திருக்கிறது. விழுப்புரம் விலாசம். ஸ்டாம்பு ஒட்டி, மூடி, பின்பக்கம் பென்சிலில் நம்பர் போட்டிருக்கிறாய். இவ்வளவு செய்தவள் நீயே ஒரு பெட்டியில் போட்டிருக்கலாம். இதை எல்லாம் தெருவில் தொலைக்கச் சொல்கிறாயே, எதற்கு? போனில் நீ சொன்னபோது ம் ம் என்றேன். போனை வைத்ததும் மனதில் ஒன்றும் நிற்கவில்லை. எழுதி அனுப்பு. எழுத்து என்றால் பத்துத் தடவை படிப்பேன். அஞ்சாவதோடு நின்றவள் உன் பழைய பாடப் புத்தகத்தையும் கோயில் பாட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு தானாகக் கற்றது, வேறு எதற்கு உதவப்போகிறது?

கணக்கு எழுத வேண்டும் என்றாய். புது நோட்டு போட்டுவிட்டேன். முதல் பக்கத்தில் குங்குமம் வைத்தேன், சிரிக்காதே.

மாப்பிள்ளை பெயர் பாரதி. வல்லத்தில் பள்ளிக்கூட வாத்தியார். தை பதினாலு, ஞாயிற்றுக்கிழமை. நைனா செத்தபோது வந்து அரைநாள் இருந்துவிட்டுப் போனாய். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மஞ்சு உன்னைப் போட்டோவில்தான் அடையாளம் சொல்லுவாள். "சித்தி வருமா?" என்று தினமும் ஒரு தடவை கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

உன் அக்கா,
மீனம்பாள்


புனே
13.6.2023

என் அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். இரண்டு வேளை. திட்டாதே.

நீ கேட்டதற்குப் பதில். வழியில் கிடக்கும் கடிதத்தை எடுத்துத் தபாலில் போடவேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. போட்டால் நன்றி சொல்ல ஆள் இல்லை, போடாவிட்டால் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் அதை நம்புகிறேன். ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, "நீங்கள் காலனிக்காரர்களிடம் வித்தியாசம் பார்ப்பீர்களா?" என்று கேட்டால் செஞ்சி பஜார் முழுக்க "சேச்சே" என்று சொல்லும். கீழே கிடக்கும் உறை அப்படிக் கேட்காது. பஜார் பெயர் போட்டது எத்தனை வந்தது, காலனி பெயர் போட்டது எத்தனை வந்தது, அவ்வளவுதான். விழுப்புரத்தில் என் மாணவி யுவஸ்ரீயின் தோழி அவற்றை வாங்கி எனக்கு அனுப்பிவிடுவாள். யுவஸ்ரீ முனைவர் பட்டத்துக்கு எழுதப்போவதே இதைத்தான்.

நீ செய்ய வேண்டியது: விலாசம் மேலே தெரியும்படி போடு. பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை, பேங்க் வாசல், நெல் விற்கிற கமிட்டி, கோயில் வழி. கொஞ்ச தூரத்தில் இருபது நிமிஷம் நின்று பார்த்து எழுது. மூன்று நாள் கழித்தும் கிடந்தால் எடுத்துக் கட்டி வைத்துக்கொள். நீ தபாலில் போடக்கூடாது. இது மட்டும் முக்கியம்.

ஏன் இந்த ஆராய்ச்சி என்று நீ கேட்கவில்லை. உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்களுக்கு முதல் வகுப்பில் அந்தக் கதையைத்தான் சொல்கிறேன். 1996 ஜூலை. எம்.ஏ. சேர்க்கைக்குப் போகிற காலை. திண்டிவனம் பஸ்ஸில் இடம் பிடிக்க நான் ஓடினேன், சான்றிதழ் ஃபைல் பெஞ்சில் நின்றுவிட்டது. மளிகைக் கடை சம்பந்தம் எடுத்தார், திறந்தார், மேலாக இருந்த சாதிச் சான்றிதழைப் பார்த்தார், எடுத்த இடத்திலேயே வைத்தார். அன்று மழை, எல்லாம் ஊறிப்போனது. நைனா மறுநாள் போய்க் கேட்டதற்கு அவர் மறைக்கக்கூட இல்லை. "எடுத்தேன், பாத்தேன், வச்சிட்டேன்." எனக்கு ஒரு வருஷம் போனது. ஃபைல் உன் கையில் இருந்தது என்பதை மட்டும் நான் எங்கேயும் சொல்வதில்லை.

கல்யாணத்துக்கு வா என்கிறாய். ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோமா? ஐம்பது காலனிக் கடிதத்தில் பாதிக்கு மேல் வந்து சேரட்டும். மூன்று நாள் முழுசாக வந்து தங்குகிறேன். பஜாரில் உன்னோடு நடக்கிறேன்.

பாப்பா


கமலக்கண்ணி அம்மன் துணை

செஞ்சி
9.7.2023

அன்பான பாப்பாவுக்கு,

பந்தயம் என்று விளையாட்டாக எழுதியிருக்கிறாய். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மஞ்சுவிடமும் சொல்லிவிட்டேன்.

முதல் பத்து நாளில் பஜார் பத்து, காலனி பத்து போட்டிருக்கிறேன். தொலைப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. முதல் நாள் பேங்க் வாசலில் நழுவ விட்டேன். நாலு அடி போவதற்குள் ஒரு பையன், "அக்கா, அக்கா, லட்டர் வுழுந்துட்ச்சி" என்று ஓடிவந்து கையில் கொடுத்துவிட்டான். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது முந்தானைக்குள் வைத்துக் குனிந்து செருப்பைச் சரிசெய்வது போலப் போடுகிறேன்.

பஜார் உறை பத்தில் ஏழு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்பட்டது. ஒரு பெரியவர் தட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகத் தபாலாபீஸ் பக்கம் போனார்.

காலனி உறை பத்தில் இரண்டு. பஸ் ஸ்டாண்டு டீக்கடை முன்னால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒருவர் குனிந்து எடுத்தார்.

"இன்னாபா அது?"

"லட்டரு. காலனி மாணவர் படிப்பகமாம்."

"கீழ போடு. நமக்கு எதுக்கு?"

"ஸ்டாம்பு ஒட்டிக்கிதுபா."

"ஸ்டாம்பு ஒட்டிக்கிது இல்ல, அப்ப தானா போவும். காலு மொளச்சி போவும்."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எடுத்தவரும் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார். போடும்போது விலாசம் தெரியாமல் குப்புறப் போட்டார். அதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீ எல்லாவற்றையும் எழுதச் சொன்னாய்.

எடுத்த இரண்டு பேரில் ஒருத்தி ராஜம்மாள். பஜார் தெருக்காரி, வெற்றிலை பாக்கு விற்கிறவள். ரேஷன் வரிசையிலிருந்து நகர்ந்துபோய் எடுத்தாள். பக்கத்தில் நின்றவள் முகத்தைச் சுளித்ததற்கு, "யாரு பெத்த புள்ளைக்கோ வேலைக்கு வந்த கடுதாசியா இருந்தா? உன் புள்ளையா இருந்தா வுட்ருவியா?" என்று கேட்டாள். நான் அவள் காலைத் தொட்டிருப்பேன்.

இன்னொன்று. நம் தெரு தைலம்மாள், நாலு வீடு தள்ளி இருக்கிறாளே, அவள் பஜார் உறையை எடுத்துப் பூப்போலக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள். மறுநாள் அதே இடத்தில் காலனி உறை. பார்த்தாள், போய்விட்டாள். சாயங்காலம் குழாயடியில் நானே பேச்சைக் கொடுத்தேன்.

"பேங்க் கிட்ட நம்ம காலனி பேரு போட்டு ஒரு லட்டர் கெடந்துதே, பாத்தியா?"

"பாத்தேன்."

"எடுக்கலியா?"

"எடுத்துனு போயி, நாளைக்கி ஏதாவது பிரச்சனைன்னா மொதல்ல யார கேப்பாங்க? என்னத்தான். எவங்கூட்டு லட்டர்னாலும் போடலாம்க்கா. நம்முளுத தொடக்கூடாது."

இதைக் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா,
மீனம்பாள்


புனே
18.7.2023

என் அக்காவுக்கு,

நீ எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டினேன். தைலம்மாள் சொன்னதை யுவஸ்ரீ மூன்று முறை திரும்பக் கேட்டாள். பெரிய பெரிய பேராசிரியர்கள் கவனிக்காததை நீ கவனிக்கிறாய். நீ படித்திருந்தால் நான் உன்னிடம் மாணவியாக இருந்திருப்பேன்.

மற்றபடி, நான் எதிர்பார்த்ததுதான். பத்துக்கு இரண்டு. நைனா காலத்து ஊர் அப்படியே இருக்கிறது, கடை போர்டுக்கு லைட் மட்டும் போட்டிருக்கிறார்கள். இதே கணக்கில் போனால் தை மாதத்தில் எனக்கு இங்கே தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருக்கும். மஞ்சுவுக்குப் பட்டுப் புடவை அனுப்பிவிடுகிறேன். நிறம் கேட்டு எழுது.

மீதி எண்பதையும் போட்டு முடி.

பாப்பா


கமலக்கண்ணி அம்மன் துணை

செஞ்சி
27.8.2023

அன்பான பாப்பாவுக்கு,

நூறும் போட்டாகிவிட்டது. சிங்கவரம் போகிற வழியிலும் போட்டேன்.

மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் கிடப்பதில்லை. பார்க்கும்போது எடுக்காதவர்கள் பின்னால் எடுக்கிறார்கள்போல. கட்டி வைக்க என்னிடம் உறை எதுவும் இல்லை. விழுப்புரத்தில் எத்தனை வந்திருக்கிறது என்று அந்தப் பெண்ணைக் கேட்டுப் பார். அவசரப்பட்டுப் புடவை அனுப்பாதே. மஞ்சுவுக்குச் சித்தி கையால் வாங்கிக்கொண்டால்தான் புடவையாம்.

இந்த வாரம் அதிகம் எழுத நேரமில்லை. கிணற்று மேட்டில் வழுக்கி மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

அக்கா,
மீனம்பாள்


புனே
2.10.2023

என் அன்பு அக்காவுக்கு,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

பஜார் உறை முப்பத்தாறு வந்தது. காலனி உறை முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு, அக்கா. நான் யுவஸ்ரீயை இரண்டு தடவை எண்ணச் சொன்னேன், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நானே எண்ணினேன்.

அதைவிடப் பெரியது இன்னொன்று. பஜார் உறைகளில் மண், செருப்புத் தடம், டீக்கறை. காலனி உறைகளில் பெரும்பாலானவை சுத்தமாக வந்திருக்கின்றன. புதிதாக இருப்பதால் வந்த சுத்தம் இல்லை, யாரோ ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, மடிப்பு நீவி அனுப்பிய சுத்தம். பென்சில் நம்பர் லேசாகக் கலைந்திருப்பதை வைத்து யுவஸ்ரீதான் முதலில் கண்டுபிடித்தாள். யோசித்துப் பார். நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே கீழே போடுகிற அதே மனிதன், ஆள் இல்லாதபோது திரும்பி வருகிறான். எடுக்கிறான். வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைக்கிறான். சும்மா போட்டால் போதாதா? போதவில்லை அவனுக்கு. துடைக்கத் தோன்றுகிறது. இருபது வருஷமாக அவமானப்பட்டவர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அவமானப்படுத்திய கை தனியாக இருக்கும்போது என்ன செய்கிறது என்று நான் கேட்டதே இல்லை. செஞ்சி எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

டிசம்பரில் டெல்லி கருத்தரங்கில் இதைத்தான் பேசப்போகிறேன். யுவஸ்ரீயின் ஆய்வேட்டில் இது ஒரு முழு இயல். "துடைக்கும் கை" என்று தலைப்பு வைத்திருக்கிறாள். நன்றியுரையில் உன் பெயரும் வரும்.

பந்தயத்தில் தோற்றுவிட்டேன். தோற்றதற்கு இவ்வளவு அழுவேன் என்று நினைக்கவில்லை. தை பன்னிரண்டாம் தேதியே வந்துவிடுவேன். சம்பந்தம் உயிரோடு இருக்கிறாரா? அவரைப் பார்க்க வேண்டும்.

உன் பாப்பா


செஞ்சி
11.2.2024

பாப்பாவுக்கு,

மேலே அம்மன் பெயர் எழுதவில்லை. காரணம் கீழே இருக்கிறது.

நீ ஊர் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. மஞ்சு வல்லத்தில் நன்றாக இருக்கிறாள். நீ அவளுக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்ட போட்டோவைத்தான் எல்லாருக்கும் காட்டுகிறாளாம்.

நீ இருந்த மூன்று நாளும் நான் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஜாரில் கை வீசி நடந்தாய். மாலை கட்டுகிறவரிடம் பேரம் பேசினாய், சிரித்தாய். ஐஸ் வாங்கி ரோட்டில் நின்று தின்றாய். நாற்பத்தெட்டு வயதில் உனக்கு அந்த முகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிறகு சம்பந்தம் கடைக்குப் போனோம். நாற்காலி போட்டார்கள், சோடா கொடுத்தார்கள். "ஐயா, உங்கள நா இத்தன வருஷமா பாடமா நடத்தினேன். இனிமே நடத்த மாட்டேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். அவர் தலையை ஆட்டினார். அவர் மகன் இளமாறன் உன்னோடு நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். நீ டெல்லியில் பேசியது பேப்பரில் வந்ததே, அதை வெட்டி இப்போது கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை துவரம்பருப்பு வாங்கப் போனேன். சம்பந்தம் மட்டும் இருந்தார். அவராகவே பேசினார்.

"உன் தங்கச்சி வந்து என்ன மன்னிச்சிட்டு போச்சி இல்ல?"

"ஆமாங்க."

"நா மன்னிப்பு கேட்டேனா?"

தராசுத் தட்டைத் தட்டி வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"வயசான காலத்துல நாலு பேரு முன்னால எதுக்குன்னு சும்மா இருந்தேன். இன்னிக்கி கெடந்தாலும் எடுப்பேன், பாப்பேன், வைப்பேன். நா பொய் சொல்றவன் இல்ல, உனக்கே தெரியும். பருப்பு எவ்ளோ?"

பருப்பு வாங்காமல் வந்துவிட்டேன். வழியெல்லாம் அவர் சொன்னதில் கடைசி வார்த்தைதான் காதில் இருந்தது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நான்தான்.

பாப்பா, அந்த உறைகளைத் துடைத்தது நான்.

முப்பத்தெட்டில் பன்னிரண்டுதான் ஊர் போட்டது. இருபத்தாறு நான் போட்டது. மூன்று நாள் கழித்துப் போவேன், அப்படியே கிடக்கும். மிதித்திருப்பார்கள், வெற்றிலை துப்பியிருப்பார்கள். எடுத்து வந்து விளக்கு துடைக்கிற துணியை நனைத்துத் துடைத்தேன். வெயிலில் காயவைத்தேன், அரிசி டின்னுக்கு அடியில் வைத்து நீவினேன். அழுக்கோடு போட்டால் வாங்குகிறவள் என்ன நினைப்பாள் என்றுதான் தோன்றியது. அதிலிருந்து நீ ஒரு பாடமே எழுதுவாய் என்று கண்டேனா? பஜார் உறையை நான் தொடவில்லை. அதனால்தான் அது அழுக்கு. ஒரேயடியாகப் போட்டால் தெரிந்துவிடும் என்று இரண்டு இரண்டாகத் தபாலாபீஸ் பெட்டியிலும், பஸ் ஸ்டாண்டு பெட்டியிலும், சிங்கவரத்திலும் போட்டேன். மீதி பன்னிரண்டு போன இடம் தெரியாது, பேரூராட்சி ஆட்கள் கூட்டியிருப்பார்கள்.

போடக்கூடாது என்று நீ எழுதியிருந்தாய். படித்தேன். தெரிந்துதான் செய்தேன். நீ வருவாய் என்பதற்காகச் செய்தேன். மணிக்கட்டு வீங்கியது என்று எழுதியதும் பொய், எழுதக் கை வரவில்லை. ஆனால் நோட்டில் பொய் எழுதவில்லை. எந்த நம்பர், எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி, நேராக "நானே போட்டது" என்று எழுதியிருக்கிறேன். பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன்.

ஆவணியிலிருந்து நான் மலை ஏறவில்லை. கமலக்கண்ணி முன்னால் போய் நிற்க முடியவில்லை. கல்யாணத்துக்குக்கூட மாமாதான் பத்திரிகை கொண்டுபோய் வைத்தார். நீ என்னைத் திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டு. ஆனால் எழுதியதைத் திருத்திவிடு.

அக்கா


புனே
3.3.2024

அக்காவுக்கு,

கடிதமும் பட்டியலும் கிடைத்தன. பட்டியலில் உள்ள இருபத்தாறு எண்களையும் உறைகளோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடத் தவறவில்லை. உன் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும்.

திட்டச் சொல்கிறாய். திட்டினால் உனக்கு ஆறிவிடும். எனக்கு?

நிலைமையைச் சொல்கிறேன். டெல்லிப் பேச்சு ஒரு தொகுப்பு நூலில் அச்சுக்குப் போய்விட்டது. யுவஸ்ரீ மே மாதக் கடைசியில் ஆய்வேட்டைத் தருகிறாள். அவளுடைய ஐந்து வருஷம் அதில் இருக்கிறது. அந்த ஓர் இயலை எடுத்தால் மீதி நிற்காது. என் பெயரைப் பற்றி நான் கவலைப்படவில்லை என்று எழுத நினைத்தேன், அது பொய்யாக இருக்கும். ஐம்பது வயதை நெருங்குகிற, நம் தெருவிலிருந்து வந்த ஒரு பெண் பேராசிரியர், தன் அக்காவே ஏமாற்றியது தெரியாமல் ஊர் ஊராகப் பேசினாள் என்றால், இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் எல்லாரும் பேசுவார்கள். பன்னிரண்டு பேர் எடுத்ததாவது உண்மைதானே. நான் சொன்னது முழுப் பொய் இல்லை. வருங்காலத்தில் வேறு ஊர்களில் செய்து பார்த்து, மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம்.

ஏப்ரல் கடைசியில் யுவஸ்ரீ செஞ்சிக்கு வருகிறாள், இடங்களைப் படம் எடுக்க. உன்னைப் பார்க்க வேண்டும் என்பாள். சாப்பாடு போட்டு அனுப்பு. உறைகளைப் பற்றிக் கேட்டால் நினைவில்லை என்று சொல். நோட்டை எரித்துவிடு. நன்றியுரையிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன், உன் நல்லதுக்குத்தான்.

1996இல் ஃபைல் உன் கையில் இருந்தது. நீதான் பையைச் சரிசெய்ய அதைப் பெஞ்சில் வைத்தாய். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது நான் உன்னைக் கேட்டிருக்கிறேனா? வீட்டில் யாரையாவது கேட்க விட்டிருக்கிறேனா? இன்றைக்குக் கேட்கிறேன். அதற்குப் பதிலாக இந்த ஒன்றைச் செய்.

க. கலைமதி


கமலக்கண்ணி அம்மன் துணை

செஞ்சி
2.5.2024

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஃபைலைக் கீழே வைத்தது நான். அதை நீ கேட்கவில்லை என்கிறாய். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்காமல் இருந்த இருபத்தெட்டு வருஷமும் நீ எனக்குச் செய்த தயவு என்று இப்போதுதான் தெரிகிறது.

எரிக்கலாம் என்றுதான் இருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன். பங்குனியில் ஒருநாள் அடுப்பு வரைக்கும் நோட்டைக் கொண்டுபோனேன். என் தங்கச்சிக்காக ஒரு பொய் சொன்னேன், அவள் கேட்கிறாள், இன்னொன்றும் சொல்லுவோம் என்று நினைத்தேன். அப்போது கூட்டுறவுச் சங்கத்திலிருந்து மாமா வந்துவிட்டார், திரும்ப வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைக் கேள்.

பஜார் அம்மன் சித்திரையில் வீதி உலா வருவது உனக்குத் தெரியும். நம் தெரு முனை வரைக்கும் வருவாள், திரும்பிவிடுவாள். நான் சின்ன வயதிலிருந்தே அந்த முனையில் நின்று தட்டைக் கொடுத்து அனுப்பி, தீபத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிறவள். இந்த வருஷம் நம் பிள்ளைகள் சேர்ந்து, தேர் தெருவுக்குள் வரவேண்டும் என்று மனு கொடுத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். போன புதன்கிழமை, இருபத்துநாலாம் தேதி, தாலுக்கா ஆபீஸில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். நம் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், நடுவில் அதிகாரி. இளமாறன் எழுந்தான். கையில் அந்தப் பேப்பர்.

"சார், இத படிங்க. நாங்க எழுதல. அவங்க தெருப் பொண்ணு, பெரிய பேராசிரியரு, ஆராய்ச்சி பண்ணி எழுதிருக்காங்க. செஞ்சியில வித்தியாசமே இல்லன்னு. எங்களுக்கு முப்பத்தாறு, அவங்களுக்கு முப்பத்தெட்டு. எங்களவிட ரெண்டு சாஸ்தி. அப்புறம் இன்னா சார் மனு?"

அதிகாரி படித்தார். என்னைப் பார்த்து, "நீங்க இவங்க அக்காவாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உங்க வீட்டுலயே இப்டி எழுதிருக்காங்களே, புதுசா எதுக்கும்மா பிரச்சனை? வழக்கப்படி நடக்கட்டும்" என்றார். நம் பிள்ளைகள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பீமாராவ் என்று ஒருவன், மனு எழுதியவன், வெளியே வந்ததும் கேட்டான். "பெரிம்மா, உண்மையாவே முப்பத்தெட்டு வந்துதா?" வீட்டில் வேலை இருக்கிறது என்று நடந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர் வந்தது. முனையில் திரும்பிவிட்டது. நான் தட்டு கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை யுவஸ்ரீ வந்தாள். நல்ல பெண். திருவண்ணாமலையில் அப்பா ஜவுளிக்கடை வைத்திருக்கிறாராம். சாப்பிட உட்கார்ந்து, சாம்பாரை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "ஆன்ட்டி, அந்தச் சாப்டர எங்கப்பாகிட்ட படிச்சிக் காட்னேன். 'பாத்தியா, நாங்கல்லாம் எப்பவோ மாறிட்டோம், நீதான் பழசையே பேசினு இருக்குற'ன்னு சிரிச்சாரு. எனக்கு என்னவோ மாதிரி ஆய்டுச்சி. உங்களுக்கு இன்னா தோணுது? துடைச்சது யாரா இருக்கும்?"

கேட்டாள். சொன்னேன். நினைவில்லை என்று சொல்லச் சொன்னாய், எனக்கு எல்லாம் நினைவில் இருக்கிறது, பாப்பா. என்ன செய்ய? நோட்டைக் கையில் கொடுத்தேன். ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் படித்தாள். அழவில்லை. எழுந்து கை கழுவி வந்து, "மேடத்துக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். எந்த மாதத்திலிருந்து என்று கேட்டாள். அதையும் சொன்னேன். பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். அந்த இயலைத் திரும்ப எழுதப்போகிறாளாம், இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும் என்றாள். தைலம்மாளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் போய்ப் பார்த்தாள். இன்றைக்கோ நாளைக்கோ உன்னிடம் வருவாள். அவளை ஒன்றும் சொல்லாதே. ஏமாற்றியது நான், மறைக்கச் சொன்னது நீ. அவளுக்கு இதில் பங்கில்லை.

உன்னை இந்த ஊருக்கு வரவைக்க ஆசைப்பட்டேன். மூன்று நாள் வந்தாய். அந்த மூன்று நாளைக்காக நம் தெருவே வாயடைத்து நிற்கிறது. நீ இனிமேல் வரமாட்டாய், அது எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை தாலுக்கா ஆபீஸுக்குப் போகிறேன். பீமாராவ் எழுதித் தருகிறேன் என்றான், வேண்டாம் என்று நானே எழுதியிருக்கிறேன். நூறு உறை போட்டது, காலனி உறையில் ஊர் போட்டது பன்னிரண்டு, நான் போட்டது இருபத்தாறு, பேப்பரில் வந்தது தவறு என்று. அதில் ஆராய்ச்சி செய்தவர் பெயர் எழுதும் இடத்தில் உன் பெயரையும், அவர் எனக்கு என்ன வேண்டும் என்ற இடத்தில் "கூடப்பிறந்த தங்கை" என்றும் எழுதியிருக்கிறேன். உறவு எழுதத் தேவையில்லை, அடித்துவிடலாம் என்று மாமா சொல்கிறார். நான் அடிக்கவில்லை.

மீனம்பாள்